சிலோன் ரயிலும் தேனுவின் சடங்கும்

மே 5, திங்கள்

கத்திரி வெயில். காலை எட்டுக்கே மலை அனல் விடுகிறது. குழாயில் காற்று மட்டும்.

பாஸ்போர்ட் இரண்டும் விசா முத்திரையோடு ரிஜிஸ்டர் தபாலில் வந்தன. தபால்காரர் கையெழுத்து வாங்கும்போதே விசாரணை. "சிலோனாங்க? யார்கூட போறீங்க?" "என் பொண்ணுகூட." "அது சரிங்க. கூட யாரு வராங்க?" "அதாங்க, என் பொண்ணு." இரண்டு பெண்பிள்ளைகள் சேர்ந்தாலும் கணக்கில் ஒரு ஆள் ஆக மாட்டோம் போலிருக்கிறது.

படத்தில் நான் கோழி திருடிப் பிடிபட்டவள் மாதிரி. தேன்மொழி சிரிக்கிறாள். சிரிக்கக் கூடாது என்று ஸ்டூடியோக்காரர் சொல்லியும் சிரித்தாள். (இனி அவள் பெயரைத் தே. என்று எழுதுகிறேன், கை வலிக்கிறது. பதினாலு வயது. ஒன்பதாவது முடித்தாயிற்று. என்னைவிட ஒரு விரல் உயரம்.)

போகும் காரணம் என்ன என்று விண்ணப்பத்தில் கேட்டிருந்தார்கள். நாத்தனாரைப் பார்க்க என்று எழுதினேன். பொய்யில்லை. தே.யின் அப்பாவுடைய அக்கா, கல்யாணமாகி ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவள். அவர் காமாலையில் போய்ச் சேர்ந்தபின் அவர் வீட்டார் எல்லோரும் எங்களை மறந்தார்கள், இவள் மட்டும் பொங்கலுக்குப் பொங்கல் எழுதுகிறாள். இப்போது அவர்களுக்கும் இந்தியாவுக்குப் போகச் சொல்லிக் காகிதம் வந்துவிட்டதாம். "வீட்டைக் காலி பண்ணுறதுக்குள்ள புள்ளைய கூட்டிட்டு வா. அடுத்த வருசம் இங்க கூப்பிட ஆள் இருக்காது."

உண்மைக் காரணம் வேறு. ராத்திரி முழுக்க ஓடும் ரயிலில், வேறொரு நாட்டில், நானும் என் பெண்ணும் படுத்துக்கொண்டு போக வேண்டும். ஆசை. அதற்குமேல் விளக்கம் கிடையாது.

மே 7, புதன்

காலை டூட்டி. ஹெட்செட் காதை அறுக்கிறது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் மின்விசிறி சுற்றுகிறது என்று பேர்.

இன்று காதில் விழுந்தவை:
"கடலை விலை எறங்கிப்போச்சு, இப்ப லாரி ஏத்தாத."
"அம்மாகிட்ட குடு. குடுன்னு சொல்றேன் இல்ல."
"நான் எங்க அழுவுறேன், லைன் அப்படி கேக்குது."

மதியம் லைன் ஓய்ந்த நேரம் வேலூர், திருச்சி, மதுரை என்று கை மாற்றி மாற்றி ராமநாதபுரம் ஆபரேட்டரைப் பிடித்தேன். முகம் பார்த்ததில்லை. எங்களுக்குள் பேரும் கிடையாது, ஊர்தான் பேர். நான் அவளுக்கு அண்ணாமலை, அவள் எனக்கு ராம்நாடு. கப்பல் பற்றி அவளைவிட நன்றாகச் சொல்ல ஆள் இல்லை.

அவள் சொன்னது: தினமும் கப்பல் இல்லை, கிழமை பார்த்துக் கிளம்பவும். மண்டபம் ஸ்டேஷனில் ஊசி போட்டதற்குச் சீட்டு கேட்பார்கள். ஏறுமுன் வயிறு முட்டச் சாப்பிடக் கூடாது, எலுமிச்சம்பழம் கையில் இருக்கட்டும். "தலைமன்னார்ல எறங்குனதும் ஓடிருங்கக்கா. ரயிலு பக்கத்துலயே நிக்கும். ஆனா உக்கார எடத்துக்கு அடிதடி."

வழி இப்படி: இங்கிருந்து விழுப்புரம் பாசஞ்சர். விழுப்புரத்தில் ராமேஸ்வரம் வண்டி, அது ஒரு ராத்திரி. பிறகு கப்பல். தலைமன்னாரிலிருந்து ராத்திரி ரயில். விடியுமுன் பொல்காவெல என்ற ஜங்ஷனில் இறங்கி மலை ரயிலுக்கு மாற வேண்டும். தூங்கிவிட்டால் கொழும்புதான். தே. தூங்கினால் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டாள். ஆக நான் விழித்திருக்க வேண்டும். சரி, இருக்கிறேன்.

மே 9, வெள்ளி

முனிசிபாலிட்டியில் அம்மைக்கும் காலராவுக்கும் ஊசி. ஊசி போடுகிறவர், "எதுக்கும்மா சிலோன்? கல்யாணமா, சாவா?" "ரெண்டும் இல்லங்க." "அப்பறம்?" "ரயில்ல போவணும்னு ஆசைங்க." ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். பிறகு கொஞ்சம் ஆழமாகவே குத்தினார்.

சாயங்காலம் எக்ஸ்சேஞ்ச் கவுண்டரில் ஒரு வெள்ளைக்காரி. ஆசிரமத்துப் பக்கம் வாடகை அறையில் இருக்கிறாளாம், பம்பாய்க்கு டிரங்க் கால் போட வந்தாள். கூடவே தே. வயதில் ஒரு பையன், வெறுங்கால். எத்தனையோ நாடு ரயிலிலும் பஸ்ஸிலுமே வந்திருக்கிறார்கள். பூட்டும் சங்கிலியும் காட்டினாள், பெட்டியைச் சீட்டுக் காலோடு கட்டிவிட்டுத் தூங்கலாமாம். கவுண்டரில் நின்ற அத்தனை பேரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள், வழிவிட்டார்கள். கூட யாரு என்று ஒருவரும் கேட்கவில்லை. வயிறு எரிந்தது. நானும் ஒரு சங்கிலி வாங்க வேண்டும்.

மே 12, திங்கள்

அண்ணன் வந்தான். கீழ்பென்னாத்தூரிலிருந்து முதல் பஸ். வேர்க்கடலை ஒரு பை, முருங்கைக்காய் ஒரு கட்டு, புத்திமதி ஒரு மூட்டை.

"ரெண்டு பொம்பளைங்க தனியா கடல் தாண்டிப் போவாங்களா? நம்ம வகையறாவுல எவளாவது போயிருக்காளா?"
"இல்லண்ணா. நாங்கதான் மொதல்ல."
"பெருமையா அது?"
"ஆமாண்ணா."

கெட்டவன் இல்லை. அவர் இறந்தபோது, லைன்மேனாக இருந்த அவர் இடத்தில் எனக்கு வேலை கேட்டு ஆபீஸ் ஆபீஸாக என்னோடு நடந்தவன் அவன்தான். அதனால்தான் எதிர்த்துப் பேசும்போது நாக்கு கொஞ்சம் ஒட்டிக்கொள்கிறது. ஆனாலும் பேசிவிட்டேன்.

மே 14, புதன்

ஒத்திகை. பெட்டி, படுக்கைச் சுருள், கூஜா எல்லாம் நிரப்பி, நானும் தே.யும் ஸ்டேஷன் வரை தூக்கிக்கொண்டு நடந்து திரும்பினோம். எங்கே எதைத் தூக்க முடியவில்லையோ அதைக் குறைப்பது என்று திட்டம். வீட்டுக்காரம்மா வாசலிலேயே மறித்தாள். "வாடகை பாக்கி இல்லியே, அப்பறம் ஏன் பொட்டிய தூக்கினு ஓடுற?" ஒத்திகை என்றேன். "ஊர் போறதுக்கு ஒத்திகை பாக்குற குடும்பத்த இப்பதான் பாக்கறேன்." பார்த்துக்கொள்ளட்டும்.

குறைத்தவை: ஊறுகாய் ஜாடி (பெரியது), தே.யின் அட்லஸ், என் இரண்டாவது போர்வை.
சேர்த்தவை: தே.யின் அட்லஸ். அழுதாள்.

வரும்போது பாதி வழியில் உட்கார்ந்துவிட்டாள். இடுப்பு வலிக்கிறதாம், அடிவயிறு இழுக்கிறதாம். காலரா ஊசியின் வேலை. மோர் கொடுத்துப் படுக்க வைத்தேன்.

மே 16, வெள்ளி

ஊசியின் வேலை இல்லை.

டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கொல்லைப்பக்கத்திலிருந்து கூப்பிட்டாள். "அம்மா, நீ சொன்ன இல்ல, அது வந்துடுச்சு." பயமில்லாமல் சொன்னாள். எனக்குத்தான் கை கால் ஓடவில்லை. சந்தோஷம், அழுகை, அதோடு பெரிய பெண்ணாகிவிட்டாளே என்ற ஒரு பதைப்பு. கட்டிக்கொள்ளப் போனேன்.

அதற்குள் வீட்டுக்காரம்மா. சுவருக்கு அந்தப்பக்கம் காது வைத்திருப்பாள் போல. "சரோஜா, நில்லு. நீ தொடாத. உனக்குத் தெரியாததா? நாங்க பாத்துக்கறோம், நீ உள்ள போ." தெருவிலிருந்து மூன்று பேரைக் கூட்டி வந்தாள். எல்லோருக்கும் கழுத்தில் தாலி உண்டு. மஞ்சள் அரைத்தார்கள், தண்ணீர் ஊற்றினார்கள், குலவை போட்டார்கள். நான் சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால். என் பெண், என் வீடு, என் குடம். நான் போனேன், அவள் சொன்னாள் என்று போனேன். நின்றேன். இப்போது எழுதும்போது பல்லைக் கடிக்கிறேன்.

தே. தலை நனைந்து நடுங்கிக்கொண்டு என்னைத் தேடினாள். கதவிடுக்கில் பார்த்தாள்.

கிளம்புவது 24, சனி. அன்று ஒன்பதாம் நாள்.

மே 17, சனி

அண்ணனும் அண்ணியும் வந்துவிட்டார்கள். உளுந்து, நல்லெண்ணெய், நாட்டுக்கோழி முட்டை, வெல்லம். பச்சைத் தென்னோலை வண்டியில் வந்தது. தாய்மாமன் முறைப்படி கொல்லையில் குடிசை கட்டினான். அவன் கையாலேயே கட்டினான், வியர்த்து வழிய, முகமெல்லாம் சிரிப்பு. அதையும் எழுதத்தான் வேண்டும். தே. உள்ளே தட்டோடும் டம்ளரோடும் அட்லஸோடும் உட்கார்ந்திருக்கிறாள்.

அண்ணி களி கிண்டி எண்ணெய்க் குழி வைத்துக் கொடுத்தாள். தே. "அத்தை, போதும்" என்றால், "இடுப்புக்கு பலம்டி, முழுங்கு."

ஜோசியரிடம் கேட்டு நாள் வைத்தாயிற்றாம். பதினொன்றாம் நாள், 26, திங்கள். பந்தல், மைக் செட், சீர் வரிசைத் தட்டு ஊர்வலம்.

"அண்ணா, நாங்க இருவத்தி நாலு கெளம்பறோம்."
சிரித்தான். நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருக்கிறான். பிறகு என் முகத்தைப் பார்த்தான்.
"தீட்டு கழியாத பொண்ண கூட்டினு கடல் தாண்டப் போறியா?"
"தள்ளிப்போட முடியாதுண்ணா. லீவு அதுக்குள்ளதான். விசாவுக்கும் கெடு இருக்கு. அங்க நாத்தனாரும் காலி பண்ணுறா."
"ரயிலு எப்ப வேணா ஓடும். பொண்ணு ஒரு வாட்டிதான் வயசுக்கு வருவா."

நல்ல வாதம். ஒப்புக்கொள்கிறேன். பதில் உடனே வரவில்லை, ராத்திரி படுத்தபின் வந்தது: ரயிலும் எங்களுக்கு ஒரு வாட்டிதான் ஓடும்.

மே 19, திங்கள்

எக்ஸ்சேஞ்ச் பூராவும் தெரிந்திருக்கிறது. பக்கத்துப் போர்டு ஸ்டெல்லா சாக்லேட் கொடுத்தாள். "உங்க ஆளுங்க இத இவ்ளோ பெரிசா பண்றீங்க. எங்க வீட்ல எங்கம்மா ஒரு முட்டைய கையில குடுத்து, ஸ்கூலுக்கு நேரமாச்சுன்னுட்டா."

லீவைப் பின்னால் தள்ள முடியுமா என்று கேட்டுப் பார்த்தேன். அடுத்து இரண்டு பேர் வரிசையில் இருக்கிறார்கள், இப்போது விட்டால் கார்த்திகை தீபத்துக்குப் பிறகுதான். தீபத்துக்குப் பிறகு ஹட்டனில் யார் இருப்பார்?

ராம்நாடுக்கும் சொன்னேன். "புள்ள நல்லா நடக்குதாக்கா? வலி இருக்கா?" இல்லை என்றேன். "அப்ப எதுக்கு யோசிக்கிறீக? பழைய துணி கூட ரெண்டு எடுத்துக்கங்க. கப்பல்ல பொம்பளையாளுக இருக்கற பக்கமா எடம் புடிங்க." இத்தனை நாளில் காரியத்தைப் பற்றிப் பேசின ஒரே ஆள், முகம் தெரியாதவள்.

எடுத்துக்கொள்ள: பழைய வேட்டி கிழித்தது, சோப்பு, தகரத் தூக்கு ஒன்று மூடியோடு, வெந்தயம்.

மே 20, செவ்வாய்

என் பக்கத்திலிருந்து கொஞ்சம் இறங்கி வந்தேன். அண்ணனிடம், ஏழாம் நாளே, வியாழக்கிழமையே வைத்துவிடு, சின்னதாக, பந்தல் வேண்டாம், முடித்துவிட்டுச் சனிக்கிழமை கிளம்புகிறோம் என்றேன்.

அவன் பையிலிருந்து பத்திரிகையை எடுத்து நீட்டினான். அச்சடித்தே விட்டான். மஞ்சள் தடவியது. மையின் வாசனை போகவில்லை.

படித்தேன். "காலஞ்சென்ற" என்று போட்டு அவர் பெயர். "அன்னாரின் புதல்வி" தேன்மொழி. அழைப்பவர், தாய்மாமன் என்று அண்ணன் பெயர், அண்ணி பெயர். கீழே வகையறா எல்லாம், அண்ணனின் மைத்துனன் உட்பட, குழந்தைகள் உட்பட.

திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் அச்சகத்தின் பெயர் இருந்தது.

"எம் பேரு எங்கண்ணா?"
அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை. "உம் பேர எப்படிப் போடறது? நல்ல காரியம் இல்ல?"
அண்ணி மெதுவாக, "வழக்கம் அதான சரோ. மனசுல வெச்சிக்காத."

செத்துப்போனவருக்குப் பத்திரிகையில் இடம் உண்டு. அவளுக்குச் சோறு போட்டு, ஃபீஸ் கட்டி, காய்ச்சலுக்கு விழித்திருந்து வளர்த்தவளுக்கு இடமில்லை. அச்சகத்துக்காரனுக்கு இருக்கிறது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை என்பதுதான் கொடுமை. யாருக்கும் தோன்றவே இல்லை.

சண்டை போடவில்லை. பத்திரிகையை மடித்து அவன் பையிலேயே வைத்தேன். "சனிக்கிழமை வண்டி காலையில" என்றேன்.

மே 21, புதன்

சாயங்காலம் ஓலைக் குடிசைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கிட்டே போகக் கூடாதாம். போனேன். தே. உள்ளிருந்தபடியே பேசினாள்.

"அம்மா, மாமா பட்டுப் பாவாடை எடுத்திருக்காரா?"
"எடுத்திருக்காரு. அரக்கு. மாங்கா பார்டர்."
"நல்லா இருக்கா?"
"நல்லா இருக்கு."
அவளுக்கு அது வேண்டும். நகை போட்டு நாற்காலியில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்ளவும் வேண்டும். ஏன் வேண்டாம் என்பாள், பதினாலு வயசு. எனக்கே கண் அந்தப் பாவாடைமேலேயே போயிற்று. ரயிலை வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று திக்கென்றது. சொன்னால் விட்டுவிட வேண்டியதுதான் என்று மனசைக் கெட்டியாக்கிக்கொண்டேன். சடங்கு அவளுடையது, எனக்குப் பிடிவாதம் பிடிக்க அதில் பாதி உரிமைதான்.

"அன்னிக்கு நீ எங்க இருப்ப?"
"சமையக்கட்டுல."
"பூரா நேரமுமா?"
"ஆமா."
"தண்ணி யாரு ஊத்துவா?"
"அத்தை. இன்னும் நாலு பேரு."
"அந்த நாலு பேரு யாரு?"
எனக்கே தெரியாது என்றேன்.

ஓலை சரசரத்தது. வெளியே தலையை நீட்டினாள். எண்ணெய் வழியும் முகம், மூக்கில் ஒரு கொசுக்கடி. "அட்லஸ்ல பொல்காவெல இல்லம்மா. ஆனா அனுராதபுரம் இருக்கு. வண்டி அது வழியாத்தான் போவும். நடுராத்திரியா இருக்கும். என்னையும் எழுப்பு. நீ மட்டும் பாக்காத."

உள்ளே போய்விட்டாள். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன், வீட்டுக்காரம்மா சுவருக்கு அந்தப்பக்கம் இருமினாள்.

மே 22, வியாழன்

வெயில் நூற்றுக்கு மேல் என்று ஸ்டெல்லா சொன்னாள். எந்தக் கணக்கில் என்று கேட்கவில்லை.

சங்கிலி வாங்கினேன். கடைக்காரர், "மாட்டுக்குங்களா?" "பொட்டிக்குங்க." குடைக்குக் கம்பி மாற்றினேன். செருப்புக்கு வார். தே.க்கு ஒரு ஸ்வெட்டர் ஸ்டெல்லா கொடுத்தாள், ஹட்டனில் குளிருமாம். இந்த ஊரில் நின்றுகொண்டு அதை நம்புவது கஷ்டம்.

வீட்டுக்காரம்மா இன்று நேராகவே வந்தாள். "தீட்டோட பொண்ணு ஏறுனா கப்பல் கவுந்துடும், தெரிஞ்சிக்க."
"கப்பல்ல ஏறுற அத்தனை பொம்பளையும் நாள் எண்ணிப் பாத்தா ஏறுறாங்க? இத்தன வருசமா கவுழாமத்தான போவுது."
"வாய் ஜாஸ்தி உனக்கு."
"ஆமாங்க. இத்தன நாளு கம்மியா இருந்துச்சு."

அவள் போனபின் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நன்றாகவும் இருந்தது. ராத்திரி இட்லி நாலு சாப்பிட்டேன்.

மே 23, வெள்ளி

காலை: புளிச்சோறு கிண்டினேன், வழிக்கு. தட்டை சுட்டேன். மூட்டை கட்டியாயிற்று. பாஸ்போர்ட்டும் ஊசிச் சீட்டும் என் ரவிக்கைக்குள் பையில்.

மாலை: அண்ணன். தனியாக வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. வாசலில் நின்றபடியே பேசினான், செருப்பைக் கழற்றவில்லை.

"பத்திரிகை ஊர் பூரா குடுத்துட்டேன். நீ கெளம்பிப் போனா எம் மானம் போச்சு. சொல்லிட்டேன். நாளைக்கு அந்த ரயில்ல ஏறுனீன்னா நான் அவளுக்குத் தாய்மாமன் இல்ல. கல்யாணத்துக்கு மாமன் மால எதிர்பாக்காத. அப்பன் இல்லாத பொண்ணுக்கு மாமனும் இல்லன்னு ஆவும். அப்பறம் எவன் வந்து கேப்பான்?"

பயந்தேன். மறைக்க என்ன இருக்கிறது, இதை யார் படிக்கப் போகிறார்கள். அவன் சொன்னது நடக்கக்கூடியதுதான். நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, தாய்மாமன் யார். என் ஆசைக்கு அவள் விலை கொடுக்கப் போகிறாளோ.

ஆனால் வாயிலிருந்து வந்தது இது: "அண்ணா, எனக்காக ஆபீஸ் ஆபீஸா நடந்த. நான் மறக்க மாட்டேன். அந்த வேலையிலதான் இவள வளத்தேன். பத்திரிகையில எம் பேரப் போட உனக்கு மனசு வரல. எம் பொண்ணுக்கு நான் தண்ணி ஊத்தக் கூடாதுன்னா, அந்த சடங்குக்கு எம் பொண்ணு எதுக்கு?"

போய்விட்டான். தெரு முனையில் திரும்பிப் பார்ப்பான் என்று நின்றேன். பார்க்கவில்லை.

தூக்கம் வரவில்லை. போகாமல் இருந்துவிடலாமா என்று ஒருமுறை நினைத்தேன். ஒரே ஒருமுறை.

மே 24, சனி

பாசஞ்சர் குலுக்குகிறது, எழுத்து கோணல். தண்டரை ஸ்டேஷன் தாண்டிவிட்டோம்.

விடிகாலை தே.யைக் குளிக்கச் சொன்னேன். குடிசையை விட்டு வெளியே வந்து, கிணற்றடிக் கல்லில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். மஞ்சள் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள்.

"நீ ஊத்து."
"தேனு, நான்..."
"நீ ஊத்தலன்னா நான் எழுந்திருக்க மாட்டேன். ரயிலு போனா போவட்டும்."

என்னைப் போலவே பிடிவாதம், நன்றாக வளர்த்திருக்கிறேன். குடத்தைத் தூக்கினேன். முதல் தண்ணீர் பாதி தரையில். இரண்டாவது தலையில். மஞ்சளை நானே தடவினேன், முகத்தில், கழுத்தில், கையில். குழந்தையாக இருந்தபோது குளிப்பாட்டிய அதே முதுகு, இப்போது அகலம். குலவை போட யாரும் இல்லை. எனக்கும் போட வரவில்லை. கிணற்றடியில் வீட்டுக்காரம்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

ஸ்டேஷனில் அண்ணன். வெள்ளை வேட்டி, கண் சிவப்பு. முதல் பஸ்ஸில் வந்திருக்க வேண்டும். என்னோடு பேசவில்லை. தே.யிடம் மட்டும்.

"திங்கக்கெழம பந்தல்ல நான் யார உக்கார வெக்கிறது? சொல்லு."

நான் வாய் திறக்குமுன் அவள் பேசினாள். மரியாதையாக, நிதானமாக. "மாமா, நான் ஜூன்ல வந்துடுவேன். வேணும்னா அப்ப வைங்க, உக்கார்றேன். பட்டுப் பாவாடையும் கட்டிக்கிறேன். ஆனா தண்ணி ஊத்தியாச்சு மாமா. அம்மா ஊத்திடுச்சு. நலங்குக்கும் அம்மா மொதல்ல வரும். பத்திரிகையில அம்மா பேரு மேல இருக்கணும். இல்லன்னா வேணாம்."

ஊர் பார்க்க, பிளாட்பாரத்தில், சொன்னாள். அண்ணன் அவளைப் பார்த்தான், அவள் முகத்து மஞ்சளைப் பார்த்தான், பிறகு என்னை. வண்டி வந்தது. அவன் படுக்கைச் சுருளைத் தூக்கி உள்ளே எறிந்தான், கோபமாகத்தான் எறிந்தான். வண்டி நகரும்போது அங்கேயே நின்றான். இந்த ஜூனில் மாமன் உண்டோ இல்லையோ எனக்குத் தெரியாது. பயம் இருக்கிறது. இருக்கட்டும், அதையும் தூக்கிக்கொண்டு வருகிறேன்.

தே. ஜன்னலோரம் கேட்கிறாள். விழுப்புரம் வரை கிடையாது என்று சொல்லிவிட்டேன். அவர் போனபின் தெருவில் இறங்கினால் போட்டுக்கொள்ளும் முக்காட்டைத் தோளில் இறக்கிவிட்டு நான்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறேன், ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எல்லோரும் பார்க்கும்படி.